மரியாதை பழகும் வயது



வீட்டுக்கு விருந்தினர் ஒருவர் வருகிறார். மூன்று வயதுக் குழந்தையை முன்னே நிறுத்தி, "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்கிறோம். குழந்தை தாயின் சேலைத் தலைப்புக்குள் முகத்தை மறைத்துக் கொள்கிறது. மறுபடியும் சொல்கிறோம், குரல் சற்றே உயர்கிறது. குழந்தை அழத் தொடங்குகிறது. உடனே, "சிறிதும் மரியாதை தெரியவில்லை" என்று வந்தவரிடமே குறைபட்டுக் கொள்கிறோம். பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் இதனுடன் மற்றொரு பெருமூச்சும் சேர்ந்துகொள்ளும்: "ஊரில் வளர்ந்திருந்தால் இப்படி ஆகுமா?"

பள்ளியில் சேருமுன் உள்ள ஐந்தாறு ஆண்டுகளில் குழந்தைகட்கு மரியாதையையும் நன்னடத்தையையும் எவ்வாறு பழக்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஊரைவிட்டு வந்தோருக்கு இவ்வினா இருமடங்கு கடினமானது. அவர்கள் குழந்தை ஒரே காலத்தில் இரு மொழிகளின் மரியாதையையும் பழக வேண்டியிருக்கிறது. ஆகவே இப்பொருளை அத்தகைய மக்கள் வாழும் ஓரிடத்தில் நின்று நோக்குவோம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரைக்கு மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் இருப்பது போனக்காடு. அகத்தியர்கூடம் என்னும் 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரத்துக்குக் கேரளத்தின் பக்கத்திலிருந்து ஏறுவோர் இங்கிருந்தே புறப்படுகின்றனர். மலையின் மறுபுறம் திருநெல்வேலிச் சீமை. தாமிரபரணி பிறப்பதும் இம்மலைத் தொகுதியிலேதான். வெள்ளையர் காலத்தில் இங்கே தேயிலைத் தோட்டம் எழுந்தது. அதில் உழைக்கத் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. லயங்களில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டன. பின்னர்த் தோட்டம் நலிந்தது, தொழிற்சாலை ஓய்ந்தது, ஊதிய நிலுவைக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருந்தோர் பலர். இப்படித் தோட்டம் ஓய்ந்த மலைகளில் பெற்றோர் கூலி தேடி நெடுந்தொலைவு செல்ல, குழந்தை பாட்டியின் கையிலும் அங்கன்வாடி ஆசிரியையின் கையிலும் வளர்கிறது. பாட்டி பேசுவது தமிழ். ஆசிரியை பேசுவது மலையாளம்.

மரியாதை இவ்விரு மொழிகளிலும் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். தமிழில் மதிப்பு வினைச்சொல்லின் வாலில் அமர்ந்திருக்கிறது. பூனை வந்தது, தம்பி வந்தான், தாத்தா வந்தார். மலையாளத்தில் அந்த வால் என்றோ உதிர்ந்துவிட்டது. பூனைக்கும் 'வந்நு', தம்பிக்கும் 'வந்நு', ஆசிரியைக்கும் 'வந்நு' தான். அதனால் மலையாளிகள் மதிப்பறியாதவர் என்று எவரேனும் எண்ணினால் அது பேதைமை. அவர்கள் மதிப்பை வேறிடத்தில் வைத்திருக்கின்றனர். சேட்டன், சேச்சி, டீச்சர், சார் என்ற முறைப்பெயர்களிலும் பதவிப்பெயர்களிலும் அது வாழ்கிறது. பெரியவர் ஒருவரை நேருக்கு நேர் 'நிங்ஙள்' என்று விளிப்பதை அங்கே பலர் மதிப்புக் குறைவாகவே கொள்வர். நம் 'நீங்கள்' அங்கே சென்றால் வேறு முகம் கொண்டுவிடுகிறது!

இப்போது அக்குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் பாட்டியிடம், "டீச்சர் வந்தாள்" என்கிறது. பாட்டி துணுக்குறுகிறாள். அங்கன்வாடியில் ஆசிரியையிடம், தமிழை அப்படியே பெயர்த்து 'நிங்ஙள்' என்கிறது. அங்கே ஆசிரியை முகம் சுளிக்கிறார். இரண்டிடத்தும் குழந்தையின் நெஞ்சில் அவமதிப்பு இல்லை. ஒரு மொழியின் வழக்கை மற்றொரு மொழிக்குள் கொண்டு சென்றது, அவ்வளவே. பிழை நாவினுடையது, குணத்தினுடையதன்று.

இந்நிலை கேரளத்தில் மட்டுமன்று. ஐதராபாத்தில் 'ரா' என்பது பெரியவர்க்கு 'ரண்டி' ஆதல் வேண்டும். பெங்களூரில் 'பா' என்பது 'பன்னி' ஆதல் வேண்டும். இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படிகள். மும்பைத் தெருவில் தடையின்றிச் செல்லும் 'தும்', தில்லியில் ஆசிரியர் காதில் கரடாக ஒலிக்கக்கூடும். முதிர்ந்தவர்களே ஆண்டுகள் பல கழித்தும் தடுமாறும் இப்படிகளில் மூன்று வயதுக் குழந்தை தடுக்கி விழுந்தால், அதைத் தூக்கி நிறுத்த வேண்டுமேயன்றித் தூற்றலாகாது.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நமக்கு வழிகாட்டுகிறது. போனக்காட்டுக்கு மேலே நிற்கும் அம்மலையை அகத்திய முனிவரின் இருப்பிடமாகப் போற்றுவது தமிழ் மரபு. அவருடைய மாணவர் என்று அம்மரபு கூறும் தொல்காப்பியர், ஒருவரையே பன்மையால் சுட்டும் உயர்சொல்லைப் பற்றிச் சொல்லதிகாரத்தில் பேசுகிறார். அது வழக்கினால் அமைவது. இலக்கண நெறியால் அமைந்ததன்று என்பது அவர் கருத்து. எண்ணினால் ஒருவர், சொன்னால் பலர். கணக்குக்கு ஒவ்வாத இதனை ஒப்புக்கொள்ளச் செய்வது மக்களின் பழக்கம் ஒன்றே.

வழக்கினால் வந்ததை வழக்கினாலேயே பழக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். 'ஆர்' விகுதி சேர்த்துச் சொல் என்று குழந்தைக்கு விதி கூறிப் பயனில்லை. தந்தை தாத்தாவைப் பற்றிப் பேசும்போது 'வந்தார்' என்கிறாரா? வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாரைப் பற்றிப் பேசும்போதும் 'வந்தார்' என்கிறாரா? குழந்தை இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. முன்னவருக்கு 'ஆர்', பின்னவருக்கு 'ஆள்' என்றால், மரியாதை என்பது மனிதருக்கு உரியதன்று, பணத்துக்கும் பதவிக்கும் உரியது என்ற பாடத்தை அது மூன்று வயதிலேயே கற்று முடித்துவிடும். அதன்பின் ஆத்திசூடியை ஆயிரம் முறை ஒப்பிக்கச் செய்தாலும் அப்பாடம் அழிவது அரிது.

மலைத் தோட்டங்களின் வரலாறு இதற்குக் கசப்பானதொரு சான்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டத் தொழிலாளரை ஒருமையில் அழைப்பது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. துரையின் முன் தலைப்பாகையை அவிழ்த்துக் கைகட்டி நிற்பதற்கு மரியாதை என்று பெயர். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரால் தமிழர் அறிவர். அந்த வாழ்வின் துன்பத்தை அது விரித்துரைக்கிறது. அங்கே மரியாதை கீழிருந்து மேலே மட்டும் சென்றது. மேலிருந்து கீழே வந்ததில்லை. தன் தந்தையை ஒருவன் 'டேய்' என்று அழைப்பதைக் கேட்டு வளர்ந்த குழந்தை, மரியாதை என்றால் அச்சம் என்றே அறிந்தது.

அச்சத்தால் வருவது அடக்கம்போலத் தோன்றும், மரியாதை ஆகாது. அஞ்சியவன், அச்சுறுத்துவோர் அகன்றதும் தன்னினும் மெலியவனை அச்சுறுத்துவான். அண்ணனிடம் அடி வாங்கிய குழந்தை உடனே பொம்மையை அடிப்பதை நாம் காணாததன்று. ஆகவே நம் குழந்தைகட்கு நாம் தரவேண்டிய மரியாதை, பழைய தோட்டத்து மரியாதையாக இருத்தல் கூடாது. இருபக்கமும் செல்லும் மரியாதையாக இருத்தல் வேண்டும்.

அதனை எப்படிப் பழக்குவது? இங்கே மேனாட்டு அம்மையார் ஒருவரின் அனுபவம் பயன்படும். மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டு உரோமை நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, கவனிப்பாரின்றித் திரிந்த குழந்தைகள் அவர்கள். ஏறத்தாழ நம் லயத்துக் குழந்தைகளின் நிலைதான். ஒருநாள் அவ்வம்மையார், மூக்கைச் சிந்துவது எப்படி என்பதையே பாடமாக நடத்தினார். கைக்குட்டையை எடுத்து, பிறர்க்கு அருவருப்புத் தோன்றாவண்ணம், ஓசையின்றி மூக்கைத் துடைத்துக் காட்டினார். குழந்தைகள் இமை கொட்டாமல் பார்த்தனர். முடிந்ததும் அனைவரும் கைதட்டி மகிழ்ந்தனராம்!

அம்மகிழ்ச்சி எதற்காக? அம்மையாரே அதற்கு விளக்கம் கண்டார். மூக்கு ஒழுகுகிறது என்று அக்குழந்தைகளைத் திட்டாதவர் இல்லை. எப்படித் துடைப்பது என்று காட்டியவர்தாம் ஒருவரும் இல்லை. இகழ்ச்சியோடு மட்டுமே தொடர்புபட்டிருந்த ஒன்றை முதன்முறையாக ஒருவர் மதிப்போடு கற்பித்தார். தம்மை மதித்தவரைக் குழந்தைகள் கண்டுகொண்டனர்.

இவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். இடையில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். அவருடைய முறையில் மரியாதைப் பழக்கங்கள் தனிப் பயிற்சிகளாகவே அமைந்துள்ளன. கதவை ஓசையின்றிச் சாத்துதல், பேசிக்கொண்டிருப்போர் இடையே புக நேர்ந்தால் காத்து நிற்றல், கத்தியையோ கத்தரியையோ பிறர்க்குக் கொடுக்கும் முறை, ஒருவரைக் கடந்து செல்லும் முறை ஆகியவற்றைத் தவறு நடந்த வேளையிலன்றி, அமைதியான வேளையில், விளையாட்டைப்போல நடித்துக் காட்டிப் பழக்குவர். குழந்தை தவறிழைத்து அழுதுகொண்டிருக்கும்போது சொல்லப்படும் அறிவுரை அதன் காதில் ஏறுவதில்லை. காலம் அறிந்து கற்பிப்பதே கற்பித்தல்.

இதே உண்மையை நம் நாட்டவரும் கண்டனர். குசராத்தின் பாவநகரில் 1920இல் பாலர் இல்லம் தொடங்கிய கிஜுபாய் பதேகா, அடியும் அதட்டலும் இன்றிக் கற்பித்தார். மக்கள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்றே அழைத்தனர். அவருடன் உழைத்த தாராபாய் மோடக், 1945இல் மராட்டியக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் சிற்றூருக்குச் சென்றார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வாராமை கண்டு, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு சென்றார். முற்றம் என்னும் பொருளுடைய 'அங்கன்' என்ற சொல்லிலிருந்தே அங்கன்வாடி என்ற பெயர் பிறந்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் அப்பெயர் நாடெங்கும் பரவிற்று. முன்னதாக, 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் பெண் தொழிலாளர் உள்ள தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கெனத் தனி அறைகள் வேண்டுமென வகுத்திருந்தது. தோட்டம் ஓய்ந்தால் அத்தகைய காப்பிடமும் ஓய்ந்துவிடும். அப்போது எஞ்சுவது வீட்டு முற்றமே. அங்கே நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, வயதறிந்து எதிர்பார்த்தல். இரண்டு வயதுக் குழந்தை தன் பொம்மையைப் பிறர்க்குக் கொடுக்க மறுப்பது கஞ்சத்தனமன்று. பிறர் நினைப்புத் தன் நினைப்பினின்றும் வேறானது என்பதைக் குழந்தை நான்கு வயதை ஒட்டியே தெளிவாக உணரத் தொடங்குகிறது என்பது உளநூலார் கண்டது. அதற்கு முன் பகிரச் செய்யலாம், பகிராமைக்காக இகழலாகாது. பசித்த குழந்தையிடமும் தூக்கம் வந்த குழந்தையிடமும் நன்னடத்தையைத் தேடுதல் வீண்.

இரண்டாவது, நம் மண்ணுக்குரிய சிறு பழக்கங்களைக் கைவிடாமை. புறப்படும்போது 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்பது, கால் பிறர்மேல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, படுத்திருப்பவரைத் தாண்டாமை, கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால் என்பது, வீட்டுக்கு வந்தவரிடம் 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்பது. இவை பெரிய தத்துவங்கள் அல்ல. ஆயினும் ஒவ்வொன்றிலும் 'என்னைப்போல் நீயும் ஒருவர்' என்ற எண்ணம் பொதிந்து கிடக்கிறது. அண்டை வீட்டார் நாவில் எளிதில் வரும் நன்றிச் சொல் நம் குழந்தை நாவில் வரவில்லையே என்று கவலுவோருக்கு ஒன்று கூறலாம்: நம் குடும்பங்களுக்குள் நன்றியைச் சொல்லால் கூறும் வழக்கம் குறைவு. வெளியாரிடம் அதைச் சொல்லப் பழக்குவது நன்று. ஆனால் பாட்டி ஊட்டிய சோற்றுக்கு நன்றி சொல்லவில்லை என்று குழந்தையைக் கடிவது வேண்டாத செயல். அவ்வாறே, தாயை 'நீ' என்று அழைக்கும் குழந்தையும் மரியாதை அறியாததன்று. அந்த 'நீ'யில் நெருக்கம் இருக்கிறது.

மூன்றாவது, முறைப்பெயர்கள். அத்தை, சித்தி, மதினி, ஆச்சி என்று ஊரில் காற்றோடு வந்து காதில் விழும் சொற்கள், வெளி மாநிலத்தில் ஆளில்லாமையால் மறைந்துபோகின்றன. எல்லாரும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' ஆகிவிடுகின்றனர். பக்கத்து வீட்டு மலையாளத் தாயைச் சேச்சி என்றும், தமிழ்த் தாயை அக்கா என்றும் குழந்தை அழைக்கட்டும். இரு மொழியிலும் உறவு கொண்டாடத் தெரிந்த குழந்தைக்கு இரு மொழியிலும் மரியாதை தெரியும். எந்த மொழியில் எப்படி அழைப்பது என்பதை இயல்பாகத் திருத்துங்கள். "டீச்சர் வந்தாள்" என்றால், "ஆமாம், டீச்சர் வந்தாரா? என்ன சொல்லிக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். குழந்தை நாணாமலே திருந்திவிடும்.

நான்காவது, இழிசொல். பிற மாநிலங்களில் தமிழரைச் சுட்டும் ஏளனச் சொல் ஒன்று நம் குழந்தையின் காதில் என்றேனும் விழக்கூடும். அது வீட்டுக்கு வந்து, "அப்படியென்றால் என்ன?" என்று கேட்கும் நாள் பெற்றோருக்குத் துன்பமான நாள். "அது நல்ல சொல் அன்று, நாம் யாரையும் அப்படிச் சொல்வதில்லை" என்று அன்று நாம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் உரிமை நமக்கு இருக்க வேண்டுமானால், நம் வீட்டுக்குள் அண்டை மக்களைக் கேலியாகச் சுட்டும் சொற்கள் ஒலிக்காதிருத்தல் வேண்டும். அவை நம்மிடமும் உண்டு. கதவை அடைத்துக்கொண்டு பேசினாலும், குழந்தை கதவுக்கு உட்புறத்திலேயே இருக்கிறது.

ஐந்தாவதும் முடிவானதும், குழந்தைக்கு மரியாதை செய்தல். அது பேசும்போது செவி கொடுங்கள். தவறு உம்முடையதாயின் அதனிடம் வருத்தம் தெரிவியுங்கள். பலர் முன்னிலையில் அதன் குறையைக் கூறாதீர்கள். முன்பின் அறியாதவரைக் கண்டு ஒளியும் குழந்தையை ஒளிய விடுங்கள். நீங்கள் கைகூப்பி வணங்குவதைச் சேலை மறைவிலிருந்து அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கேரளத்தில் 2025ஆம் ஆண்டு அங்கன்வாடிக் குழந்தை ஒன்று, உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்டது. அம்மழலை மொழி ஊரெங்கும் பரவி அமைச்சரையும் எட்டியது. அவ்வாண்டிலேயே அங்கன்வாடி உணவுப் பட்டியல் திருத்தப்பட்டு முட்டைப் பிரியாணி இடம்பெற்றது. அதிகப்பிரசங்கி என்று அக்குழந்தையை ஒருவரும் அடக்கவில்லை. கேட்கும் முறையில் கேட்டால் பெரியவர்கள் செவிமடுப்பர் என்ற நம்பிக்கை ஒரு குழந்தைக்குக் கிடைத்தது. அந்நம்பிக்கை உள்ள குழந்தை கத்திக் கேட்க வேண்டியதில்லை.

நேயர்களே, ஊரைவிட்டு வந்தோர் தம்முடன் கொண்டுவந்த பொருள்களில் பெரும்பாலானவை தேய்ந்துபோகும். பெட்டி துருப்பிடிக்கும், பாத்திரம் நசுங்கும், உழைத்த தோட்டமே ஓய்ந்து போவதும் உண்டு. ஒருவரைப் பலராக எண்ணிப் பேசும் வழக்கமோ செலவழிக்கச் செலவழிக்க வளர்வது. அதைக் குழந்தையிடம் கேட்டுப் பெற முற்படுமுன், குழந்தைக்கே முதலில் கொடுப்போம். 'வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க' என்று அக்குழந்தையையே ஒருநாள் அழைத்துப் பாருங்கள். அது சிரிக்கும். பின்பு தன் தம்பியை அப்படியே அழைக்கும்.